31 நாள், ஒரே மாவிலை: கோடை விடுமுறையில் ஒரு தினசரிக் காகிதக் கலை முயற்சி

## பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு சிற்றூர். அங்கே இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன நூலகம் ஒன்று உண்டு. ஒரு அறை, அதன் முன்னால் ஒரு திண்ணை, திண்ணைக்கு எதிரே ஒரு மாமரம். மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகள் அந்தத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். புத்தகம் படிக்க வருபவர்கள் சிலர்தான். மற்றவர்கள் ஃபேன் காற்றுக்கும் பேச்சுக்கும் வருபவர்கள். நான் அங்கே தன்னார்வலர். எனக்குத் துணை இருவர்: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், ஓசூரில் படிக்கும் கல்லூரி மாணவி ஒருவர்.

இந்த யோசனை அந்த மாணவியுடையது. இணையத்தில் பலரும் நாளுக்கு ஒரு படைப்பு என்று மாதம் முழுக்கச் செய்கிறார்கள். 2009-ல் அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் தொடங்கிய ‘இங்க்டோபர்’ அதில் பேர்போனது. அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கு ஒரு மை ஓவியம் வரைய வேண்டும். அதைப் போல நாமும் மே மாதம் 31 நாளும் காகிதத்தில் ஏதாவது செய்யலாமே என்றாள். ஏதாவது என்று விட்டால் இரண்டாம் நாளே ‘என்ன செய்யறதுன்னு தெரியலக்கா’ என்று வந்து நிற்பார்கள். அதனால் ஒரே பொருள் வைப்போம் என்று முடிவானது.

மாங்காய் என்றேன் நான். கிருஷ்ணகிரிக்கு அதுதானே அடையாளம். ஆசிரியர் தலையாட்டவில்லை. “மாங்காயை எல்லாரும் வரைஞ்சு பழகியிருப்பாங்க. கையே தானா போட்டுடும். மாவிலையை யாரும் ஒழுங்கா பார்த்ததில்ல” என்றார். அவர் சொன்னபடி மாவிலை என்று முடிவு செய்தோம். எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள், சிலர் கன்னடம். மாமிடாகு, மாவின எலெ, மாவிலை என்று எப்படிச் சொன்னாலும் வாசலில் கட்டுகிற தோரணம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

## தொடங்கிய விதம்

மே 1 அன்று 24 பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். வயது 8 முதல் 14 வரை. விதிகள் மூன்று. தினமும் ஒரு காகித மாவிலை செய்ய வேண்டும். இரவு 8 மணிக்குள் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட வேண்டும். 31 நாளும் விடாமல் செய்தவர்களில் மூன்று பேருக்குப் பரிசு. என்ன காகிதம், எந்த முறை என்று எதுவும் சொல்லவில்லை. சுதந்திரம் கொடுக்கிறோம் என்று நினைத்தோம்.

## முதல் வாரத்தில் கண்டது

முதல் மூன்று நாள் குழுவில் படம் குவிந்தது. நான்காம் நாளில் படங்களின் தோற்றம் மாறியது. ஜிகினா ஒட்டிய இலைகள், பஞ்சு போன்ற ஃபோம் ஷீட்டில் வெட்டிய இலைகள், சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டிய முத்துகள். ஐந்தாம் நாள் எட்டு வயதுப் பையன் ஒருவன் பெயரில் குவில்லிங் இலை ஒன்று வந்தது. மூன்று மில்லிமீட்டர் காகிதப் பட்டையைச் சுருட்டி, கண்ணீர்த்துளி வடிவில் அழுத்தி, நாற்பது துண்டுக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். எங்கும் பசை பிதுங்கவில்லை. ஆசிரியர் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “இது அம்மா கை” என்றார். அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. குழுவில் நேற்று வந்த படத்தைவிட இன்றைய படம் அழகாக இருக்க வேண்டும் என்றால் எந்த அம்மாவும் கத்தரிக்கோலை எடுப்பார்.

வேறொன்றும் கண்ணில் பட்டது. ஒரே வீட்டிலிருந்து மூன்று நாளுக்கு வந்த படங்களில் பாயின் அதே மடிப்பு, ஜன்னல் கம்பியின் அதே நிழல். ஒரே உட்காரலில் மூன்று இலை செய்து, நாளுக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், ஆறாம் வகுப்பு முடித்த ஒரு பெண் மூன்றாம் நாளுக்குப் பிறகு எதுவும் அனுப்பவில்லை. ஆர்வமாகப் பெயர் கொடுத்தவள். நேரில் பார்த்தபோது கேட்டேன். வீட்டில் இருப்பது ஒரே போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு வரும். “கலர் பேப்பரும் தீந்துபோச்சுக்கா” என்றாள். 8 மணி என்று விதி எழுதியது நான்தான்.

ஏழாம் நாள் கணக்குப் பார்த்தேன். படம் அனுப்பியவர்கள் 15 பேர். அதில் தாமே செய்தவர்கள் எத்தனை பேர் என்பது எங்களுக்கே தெரியாது.

## காலண்டர் தாள்

அன்று மாலை மூவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். பிள்ளைகள் எங்கள் கண்முன் செய்ய வேண்டும், கடையில் எதுவும் வாங்கக் கூடாது என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. முன்கூட்டிச் செய்துவைப்பதை எப்படித் தடுப்பது என்பதில்தான் பேச்சு நின்றது. எதிர் மளிகைக் கடையில் பஜ்ஜி வாங்கி வந்திருந்தோம். எண்ணெய் ஒற்றக் கடைக்காரர் கொடுத்திருந்தது தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். அதில் பெரிய எழுத்தில் 6. முந்தின நாள் தேதி. மாணவிதான் முதலில் சிரித்தாள்.

தினசரிக் காலண்டர் எங்கள் பக்கம் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. நகைக் கடை, ஜவுளிக் கடை, ஃபைனான்ஸ், மளிகை என்று யாராவது ஆண்டுப் பிறப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். நாளுக்கு ஒரு தாள்தான் கிழியும். தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். செலவும் இல்லை.

மே 8 முதல் புதிய ஏற்பாடு. மாலை 4.30 முதல் 5.15 வரை திண்ணையில்தான் செய்ய வேண்டும். படம் அனுப்ப வேண்டாம். பரிசு கிடையாது. தாள் காலண்டர் தாள் மட்டும்.

எதிர்ப்பு வராமல் இல்லை. “பரிசு இல்லைன்னா எதுக்கு வரணும்?” என்று ஒரு தாய் நேராகவே கேட்டார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதற்குப் பின் வரவில்லை. இன்னொரு வீட்டில் பாட்டி, “இன்னைக்குத் தாளைக் குடுத்துட்டா திதி எப்படிப் பாக்கறது?” என்றார். நியாயம்தான். நேற்றைய தாள் போதும் என்று மாற்றினோம். சாமி படம் அச்சான தாளை வெட்டுவது சிலருக்குச் சங்கடமாக இருந்தது. படத்தை விட்டுவிட்டு மற்ற பகுதியில் வெட்டலாம் என்றோம். முதல் ஞாயிறே அந்தப் பாட்டி மறுபடி வந்தார். ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகு காலம், அதில் போய்ப் பிள்ளைகளைக் கத்தரிக்கோல் எடுக்கச் சொல்கிறீர்களே என்று தாளையே காட்டினார். ஞாயிறு மட்டும் 3.30-க்கு மாற்றினோம். காலண்டரை நம்பி ஒரு வேலை தொடங்கினால் காலண்டர் சொல்வதையும் கேட்கத்தான் வேண்டும்.

காலண்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நூலகத்துத் தாளும் மளிகைக் கடைத் தாளும் போனது.

## தாளோடு பட்ட பாடு

காலண்டர் தாள் செய்தித்தாளைப் போல மெலிந்தது. முதல் நாள் பாதி இலைகள் நடுவிலேயே கிழிந்தன. அதற்கு ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பாடம்தான் எனக்கு இந்த மாதத்தில் கிடைத்த பெரிய லாபம்.

ஒரு தாளை நெடுக்கில் கிழிக்கச் சொன்னார். இன்னொன்றைக் குறுக்கில். ஒன்று அளவுகோல் வைத்ததுபோல நேராகக் கிழிந்தது. மற்றது கோணல்மாணலாகப் பிய்ந்தது. காகிதம் இயந்திரத்தில் ஓடும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. அச்சகத்தில் இதைக் ‘கிரெய்ன்’ என்பார்கள். நார் ஓடும் திசையில் கிழித்தால் நேரே போகும், மடித்தால் மடிப்பும் கூர்மையாக விழும். எதிர்த் திசையில் மடித்தால் மடிப்பு சொரசொரவென்று உடையும்.

அதோடு விடவில்லை. இரண்டு இலை வெட்டினார். ஒன்றில் நடு நரம்பு நாரின் திசையில், மற்றதில் நாருக்குக் குறுக்கே. இரண்டின் முதுகிலும் ஈர விரலால் தடவி வைத்தார். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, அகலத்தில்தான் பருக்கும். அதனால் தாள் நாரின் திசையை அச்சாக வைத்துச் சுருளும். முதல் இலையின் இரு ஓரமும் மெல்ல மேலே எழும்பி, இலை ஓடைபோலக் குழிந்தது. மரத்தில் இருக்கும் மாவிலை அப்படித்தான் இருக்கிறது. இரண்டாவதோ நுனி தூக்கி, படகு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் எதிரே இருந்த மரத்தை எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்துபோய் நிஜ இலை ஒன்றைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்தான்.

நரம்புக்கு விசிறி மடிப்பு. தாளை நெடுக்கில் இரண்டாக மடித்து, அரை இலையாக வெட்டி, விரிக்காமலே சாய்வாக முன்னும் பின்னும் மடித்துக்கொண்டு போக வேண்டும். நகத்தால் ஒருமுறை அழுத்தி விரித்தால் நடு நரம்பும் இரு பக்கக் கிளை நரம்புகளும் ஒன்றாக வந்துவிடும். கிளை நரம்பு ஒன்றின்மேல் ‘எமகண்டம்’ என்று பொடி எழுத்தில் ஓடும். அதை மறைக்க வேண்டாம் என்றார் ஆசிரியர்.

நிறம் தாளிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறைக்கும் தேதி சிவப்பில் வரும். மாந்தளிர் செம்பு நிறத்தில் வந்து, பிறகுதான் பச்சையாகும் என்பது தோப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு பையன் ஞாயிறு தாளின் பெரிய சிவப்பு எண் நடுவில் வரும்படி வெட்டி, தளிர் செய்தான். அப்புறம் திங்கட்கிழமை என்றாலே தளிர் நாள் ஆகிவிட்டது. சிவப்புத் தாளுக்கு இரண்டு கறுப்புத் தாள் என்று பண்டமாற்றும் நடந்தது. மாதப் பாதியில் சித்திரை முடிந்து தாளில் வைகாசி 1 வந்தபோது, மே மாதத்துக்குள் இன்னொரு மாதம் பிறப்பதை அன்றுதான் கவனித்ததாக ஒரு பெண் சொன்னாள்.

பசை மட்டும் சரிவரவில்லை. மைதாவைக் காய்ச்சினோம். சுவரொட்டிப் பசை கெடாமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. போடாமல் விட்டதில் இரண்டே நாளில் பசை புளித்தது, ஒட்டிய இலைகளைக் கரப்பான் கடித்தது. கடைசியில் ஒரு பாட்டியின் வழிதான் கைகொடுத்தது. தோரணத்தில் மாவிலையின் காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து ஈர்க்குச்சியால் குத்துவது போலக் காகித இலையையும் குத்தினோம்.

## “இன்னைக்கும் மாவிலைதானாக்கா?”

பன்னிரண்டாம் நாள் வாக்கில் இந்தக் கேள்வி வந்தது. பொருளை மாற்றலாம், நாளை முதல் பூ, பிறகு காய் என்று நான் தயாராகிவிட்டேன். ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. மரத்தடிக்குக் கூட்டிப் போய், ஆளுக்கு ஒரு பழுதான இலை எடுத்து வரச் சொன்னார்.

வந்தவை: கொப்புளம் கொப்புளமாக முடிச்சு விழுந்த இலை. தத்துப்பூச்சி விட்ட தேன் கசிவில் கரும்பூசணம் படர்ந்து கரி பூசினாற்போல் இருந்த இலை. சிவப்பு முசுறு எறும்புகள் தம் புழுக்களின் நூலால் ஒட்டி வைத்த இரட்டை இலை (இதை எடுத்தவன் கையை உதறிக்கொண்டே வந்தான்). அப்புறம் ஒரு தளிர்: அடியில் கொஞ்சம் மட்டும் காம்போடு நிற்க, மீதி நேர்க்கோட்டில் அறுபட்டிருந்தது. யாரோ கத்தரித்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒரு வகைக் கூன்வண்டின் வேலை அது. தளிரில் முட்டை வைத்துவிட்டு, இலையைக் குறுக்கே அறுத்துக் கீழே தள்ளிவிடும்.

அதன் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. கரும்பூசண இலைக்கு விளக்குக் கரி, முடிச்சுக்கு ஈரக் காகித உருண்டை, அறுபட்ட இலைக்கு ஒரே ஒரு வெட்டு. அந்த வண்டு இலைதான் அந்த வாரம் எல்லாரும் செய்தது. சோம்பலுக்கும் அது வசதி என்பதை மறைக்க வேண்டியதில்லை.

## பறிப்பு நாட்கள்

மே நடுவில் பெங்களூரா என்ற மாங்காய் ரகத்தின் பறிப்பு சூடுபிடித்தது. பெற்றோர் விடியலில் தோப்புக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளக் கூடவே போனார்கள். திண்ணையில் 17 பேர் இருந்த இடத்தில் ஒரு நாள் 8 பேர்.

வராத நாளுக்குக் குறிப்பேட்டில் பெருக்கல் குறி போட்டு வந்தேன். திண்ணைக்கு வந்து செய்தால்தான் கணக்கு என்பதில் நான் உறுதியாக இருந்தேன். முதல் வாரம் நடந்ததை நினைத்து, தளர்த்தினால் மறுபடி ‘அம்மா கை’ வந்துவிடும் என்ற பயம். மாணவி தளர்த்தலாம் என்றாள். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

மே 20 அன்று அந்த ஆறாம் வகுப்புப் பெண் வந்தாள். நான்கு நாள் வராதவள். பாவாடை மடிப்பிலிருந்து நான்கு தாள் எடுத்து வைத்தாள். 15, 16, 17, 18. நான்கும் இலைகள். கத்தரிக்கோல் இல்லை, அதனால் கையால் கிழித்தது. நாரின் திசை பார்த்து நடுவே நேராக, ஓரத்தில் வேண்டுமென்றே சொரசொரப்பாக. ஒன்றில் பழுப்பாக ஒரு வட்டம். மாங்காய்க் காம்பு ஒடிக்கும்போது பீச்சுகிற பால் பட்டுக் காய்ந்த கறை. தோப்பில் மரத்தடியில் தம்பியைத் தூங்க வைத்துவிட்டுச் செய்தாளாம். நேற்றைய தாளைத் தினமும் காலையில் கிழித்து எடுத்துப் போயிருக்கிறாள்.

அதுவரை நான்கு பெருக்கல் குறி அவள் பெயருக்கு நேரே இருந்தது. அவற்றை அடித்து நீக்கினேன். தாளில்தான் தேதி இருக்கிறதே, பிறகு இடத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்கினேன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. எங்கே செய்தாலும் சரி என்று அன்றே அறிவித்தோம்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. உறவினர் திருமணத்துக்கு மூன்று நாள் பெங்களூரு போய்வந்த ஒரு பையன், “முன்னமே சொல்லியிருந்தா நானும் அங்க செஞ்சிருப்பேனே, தாளை எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்” என்றான். அவனுக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் மறுநாளிலிருந்து வந்தான், ஆனால் அந்த மூன்று நாளைச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

## கோடை மழை

இரண்டு நாள் கழித்து மாலையில் சுழன்றடித்த காற்றோடு மழை. தோப்புகளில் காய் கொட்டியது. ஊருக்கே அதுதான் கவலை. திண்ணையில் கட்டியிருந்த தோரணம் அறுந்து நனைந்தது. முதல் வாரத்தில் சிலர் கொண்டுவந்து கட்டிய கிரேப் காகித இலைகளின் பச்சைச் சாயம் ஒழுகிப் பக்கத்து இலைகளில் ஏறியது. காலண்டர் தாளின் அச்சு மை கலையவில்லை. தாள்தான் கூழாக இருந்தது. பிரித்துக் காயவைத்ததில் சில கிழிந்தன. திரும்பச் செய்ய வேண்டாம், கறையோடு இருக்கட்டும் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். தோரணம் அறைக்குள் போனது.

## விளைவு

மே 31 அன்று எண்ணினோம். மே 8 முதல் 24 நாளுக்கு 328 இலைகள். 24-ம் செய்தவர்கள் 9 பேர், அதில் தோப்புக்குப் போனவர்கள் நால்வர். தொடங்கிய 24 பேரில் ஏழு பேர் திரும்பி வரவே இல்லை. அவர்களில் முதல் வாரத்தில் மிக அழகான படங்கள் அனுப்பிய வீடுகளும் உண்டு. குவில்லிங் இலைப் பையன் மட்டும் இருந்தான். அவனுடைய காலண்டர் இலைகள் கடைசிவரை கோணல்தான். தன்னுடையது எது என்று தூரத்திலிருந்தே காட்டுவான்.

நேற்றைய தாள் என்று விதி வைத்ததில் ஒன்றை நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை. கடைசி நாளில் செய்தது 30-ம் தேதித் தாளில். ஜூன் 1 மாலை நான் நூலகத்தைப் பூட்டக் கிளம்பும்போது பதினொரு பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள், கையில் மே 31. எங்கள் கணக்கு முடிந்துவிட்டது, அவர்களுடையது முடியவில்லை.

## மறுபடி செய்தால்

பரிசு அறிவிக்க மாட்டோம். வாட்ஸ்அப் குழு நேரம் சொல்ல மட்டும். முதல் நாளிலிருந்தே காலண்டர் தாள், எங்கே இருந்தாலும் செய்யலாம். பறிப்புக் காலத்தில் நடத்துவதா என்பதில் மூவருக்கும் ஒத்த கருத்து இல்லை. ஏப்ரலுக்கு மாற்றினால் தேர்வு குறுக்கே நிற்கும். மே என்றால் தோப்பு. மாணவி மே மாதமே இருக்கட்டும், நாமும் வாரம் ஒருமுறை தோப்புக்குப் போவோம் என்கிறாள். பெற்றோருக்கு முதலிலேயே ஒரு நாள் ஒதுக்கி அவர்களையும் இலை செய்ய வைக்க வேண்டும் என்பது ஆசிரியரின் யோசனை. அவர்களுக்கும் ஆசை இருந்ததால்தானே பிள்ளையின் இலையைச் செய்தார்கள் என்கிறார். ஈர்க்குச்சிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மயில்துத்தம் இல்லாத பசை வேலைக்காகாது.

மளிகைக் கடைக்காரர் இப்போது பஜ்ஜிக்குக் கறுப்புத் தேதித் தாள் மட்டும்தான் தருகிறார். சிவப்புத் தேதியெல்லாம் தராசுக்கு மேலே தனி ஆணியில் குத்தியிருக்கிறது.